பெற்றோருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி தேவையா, அரச வைத்தியசாலையே போதுமா?

உவர்மலையான்:

உறவுகளுக்கு வணக்கம். அப்பாவுக்கு வயது 62, அம்மாவுக்கு 58. அப்பாவுக்கு நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் நெடுநாளாக இருக்கின்றன. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் மாதந்தோறும் மருந்து எடுத்து வருகிறார். அம்மா இதுவரை தொடர்ச்சியாக எந்த மருந்தும் எடுத்தவரல்லர். நான் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் குழுக் காப்புறுதி எனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் மட்டுமே பொருந்தும். பெற்றோரை அதில் சேர்க்க முடியாது.

அண்மையில் ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்து, இருவருக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் ரூபா வரை வைத்தியசாலைச் செலவை ஏற்கும் திட்டமொன்றை விளக்கிவிட்டுப் போனார். அதன் ஆண்டுக் கட்டணம் எனது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. "பெரியாஸ்பத்திரி இருக்க, இந்தக் காசை ஏன் கரைக்கிறாய்" என்று அப்பா கேட்கிறார். முகவரோ மருந்துத் தட்டுப்பாடு, ஸ்கேனுக்குக் காத்திருப்பு, வாட்டில் கட்டில் கிடைக்காத நிலை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அவற்றில் எதையும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் நேரில் அறிந்தவர்கள் சொல்லுங்கள். "இரண்டுமே வேண்டும்" என்ற பொதுப்படையான பதில் எனக்கு உதவாது. ஒரு மாதச் சம்பளம் எங்கள் வீட்டில் சிறிய தொகையன்று.

கணக்கர் திருமலை:

தம்பி, காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முகவர் கொண்டுவரும் வண்ணத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் 10 இலட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் 'விலக்குகள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, முகவர் எழுந்து போன பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

காப்புறுதி எடுப்பதற்கு முன்னரே இருந்த நோய்களுக்கும் அவற்றின் விளைவாக வரும் நோய்களுக்கும் பெரும்பாலான தனிநபர் திட்டங்கள் பணம் தருவதில்லை. தருகின்றவையும் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும். உங்கள் அப்பாவின் நிலையில் இதன் பொருள் மிகவும் கடுமையானது. நீரிழிவும் குருதி அழுத்தமும் உள்ள ஒருவருக்கு இனி வரக்கூடிய பெரிய செலவுகள் இதயம், சிறுநீரகம், கண், கால்புண், பக்கவாதம் ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் வரும். இவை அத்தனையையும் "முன்னரே இருந்த நோயின் விளைவு" என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. அப்படியானால் நீங்கள் கட்டும் பணம் அவருக்கு விபத்து, குடல்வால் அழற்சி, டெங்கு போன்றவற்றுக்கு மட்டுமே பயன்படும். இவற்றை எங்கள் அரச வைத்தியசாலை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரிழிவைப் படிவத்தில் எழுதாமல் விட்டால் கட்டணம் குறையும் என்று சில முகவர்கள் காதோடு சொல்வதுண்டு. அதற்கு இணங்க வேண்டாம். கோரிக்கை வந்தவுடன் நாங்கள் முதலில் கேட்பது கிளினிக் கொப்பியைத்தான். அதில் முதல் மருந்து எழுதப்பட்ட திகதி இருக்கும். உண்மையை மறைத்ததாகக் கண்டால் நிறுவனம் அந்தக் கோரிக்கையை மட்டுமன்றி முழு ஒப்பந்தத்தையுமே செல்லாததாக்கலாம். சட்டமும் அதன் பக்கமே நிற்கும்.

நிலாவெளி விடுதிக்காரன்:

இங்கே எல்லோரும் காப்புறுதியைத் திட்டத் தொடங்குவதற்கு முன்னர் என் அனுபவத்தையும் வைத்துவிடுகிறேன். என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கான திகதி மிகத் தள்ளிக் கிடைத்தது. இடையில் வலி வந்து அவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காப்புறுதி இருந்தபடியால் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் உடனே செய்துகொண்டோம். கட்டணத்தை நிறுவனமே வைத்தியசாலைக்கு நேரடியாகச் செலுத்தியது. எங்கள் கையால் போனது சிறு பகுதிதான். அரச வைத்தியசாலை உயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத வலிக்கு அங்கே வரிசை நீளம். அந்த வரிசையில் நிற்காமல் இருப்பதற்கான விலையாக நான் காப்புறுதியைப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி:

விடுதிக்காரத் தம்பி சொல்வது சரியானதே. காத்திருக்கக்கூடிய சத்திரசிகிச்சையில்தான் தனியார் துறையின் பயன் தெரியும். கண்புரை, குடலிறக்கம், பித்தப்பை, முழங்கால் என்பன அவ்வகை. உடனடியாகச் செய்ய வேண்டியவற்றில் நிலைமை தலைகீழானது.

நெஞ்சுவலியோடு ஒருவர் இரவில் விழுந்தால் நீங்கள் 1990 ஐ அழைப்பீர்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி காப்புறுதி அட்டையைக் கேட்பதில்லை; அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். நம்மூரிலுள்ள தனியார் மருத்துவ நிலையங்கள் பெரும்பாலும் மாலை நேரச் சனலிங்கையும் (கட்டணம் கட்டி விசேட வைத்தியரைப் பார்ப்பது) ஆய்வுகூடச் சோதனைகளையும் சிறு சத்திரசிகிச்சைகளையும் நம்பி இயங்குபவை. பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவோ, இரவு முழுவதும் விழித்திருக்கும் விசேட வைத்தியர் குழுவோ அங்கே எதிர்பார்க்கக்கூடியதன்று. மாலையில் அங்கே நீங்கள் பணம் கட்டிப் பார்க்கும் விசேட வைத்தியர், காலையில் உங்கள் அப்பாவைக் கிளினிக்கில் இலவசமாகப் பார்த்த அதே வைத்தியராகவே இருப்பார். ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, உங்கள் அட்டையை ஏற்கும் வைத்தியசாலை எந்த ஊரில் இருக்கிறது என்பதே. பதில் கொழும்பு என்றால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணத்தையும், கூடப் போகிறவர் தங்குமிடச் செலவையும், நீங்கள் எடுக்கும் விடுமுறையையும் ஆண்டுக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதேவேளை, அரச வைத்தியசாலை முழுக்க இலவசம் என்பதும் இன்று முழு உண்மையன்று. 2022 நெருக்கடிக்குப் பிறகு அது கண்கூடாகத் தெரிந்தது. வாட்டிலிருந்து ஒரு துண்டு எழுதித் தருவார்கள்: இந்த மருந்தை வெளியில் வாங்குங்கள், இந்த இரத்தப் பரிசோதனையை வெளியில் செய்யுங்கள் என்று. ஏழைக் குடும்பத்தின் நகை அடைவுக்குப் போவது பெரும்பாலும் அந்தத் துண்டால்தான். வாட்டில் படுத்திருப்பவருக்கு அந்தச் செலவைத் தருகின்ற திட்டங்கள் சில உண்டு. கிளினிக்குக்கு வந்து போகும் நோயாளிக்கு அநேகமாக எதுவும் தராது.

தம்பலகாமம் வயற்காரன்:

தாதி மிஸ்ஸி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வயலில் பாம்பு கடித்தவரை எந்தக் காப்புறுதி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவீர்கள்? நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சுக்கு எதிரான மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது; அதை அரசே வாங்கி அரச வைத்தியசாலைகளில் வைத்திருக்கிறது. ஒருவருக்குப் பல குப்பிகள் ஏற்ற வேண்டிவரும். ஒவ்வாமை வந்தால் அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்கவும் வேண்டும். எப்போதாவது வரும் ஒரு நோயாளிக்காக இத்தனையையும் ஆயத்தமாக வைத்திருப்பது இலாபத்துக்கு நடத்தும் எந்த நிலையத்துக்கும் கட்டுப்படியாகாது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் பெரும்பாலும் அரச வைத்தியசாலைகளிலேயே போடப்படுகிறது. கந்தளாய், சேருவில, மூதூர்ப் பக்கத்து விவசாயிக்கு 10 இலட்சம் ரூபா அட்டையைக் காட்டிலும் பக்கத்து வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் அந்தக் குப்பிகள் இருப்பதே முக்கியம்.

கிண்ணியா ஆற்றங்கரை:

உண்மை. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பாடசாலைகளை மூட வேண்டி வந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். வாட்டுகள் நிரம்பி வழிந்தன. கட்டில் போதவில்லை, ஆளணி போதவில்லை என்று நாங்கள் வீதியில் இறங்கிக் கத்தினோம். ஆனால் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தவர்களும் புகையடித்தவர்களும் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊழியர்களுமே. பக்கத்து வீட்டுத் தொட்டியில் நுளம்பு பெருகினால் என் வீட்டுக் காப்புறுதி அதைத் தடுக்காது.

அதற்காக அரசைப் புகழ்ந்து பாடவும் நான் ஆயத்தமில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நோயாளியைப் படகுப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றி, அது அக்கரை சேரும் வரை துஆ ஓதிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். பாலம் வந்தது, விசேட வைத்தியர் பற்றாக்குறை இன்னும் எங்களோடேயே இருக்கிறது. ஒருவரை நியமிப்பார்கள், சிறிது காலத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார் அல்லது நாட்டை விட்டே போய்விடுவார்.

உவர்மலையான்:

அனைவருக்கும் நன்றி. கணக்கர் அண்ணா, விலக்குகள் பகுதியை முகவரிடம் கேட்டிருக்கிறேன், அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம்: இத்தனை குறைகள் இருந்தும் உலகம் முழுவதும் காப்புறுதியை நோக்கியே போகிறது என்று முகவர் சொல்கிறார். இந்தியாவில்கூட ஐந்து இலட்சம் ரூபாக் காப்புறுதியை அரசே கொடுக்கிறதாமே?

பொருளியல் ஆசிரியர்:

அந்த முகவர் வெவ்வேறான இரண்டு பொருள்களை ஒரே பெயரில் விற்கிறார். இந்தியாவின் 2018 ஆம் ஆண்டு ஆயுஷ்மான் பாரத் திட்டமும், அதற்கு முன்னரே 2009 இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதும் அரசு வரிப்பணத்திலிருந்து கட்டணம் செலுத்தும் திட்டங்கள். ஏழைக் குடும்பம் ஒன்றும் கட்டுவதில்லை. முன்னரே நோய் இருந்ததா என்று கேட்டு யாரையும் வெளியே தள்ளுவதுமில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் அத்திட்டத்தில் சேர்ந்து, தாங்கள் செய்யும் சிகிச்சைக்கு அதிலிருந்து பணம் பெறுகின்றன. உங்கள் வீட்டுக்கு வந்தவர் விற்பது அதுவன்று. அவருடைய நிறுவனம் உங்கள் அப்பாவை ஒரு தனி ஆளாக எடைபோட்டு, அவரால் வரக்கூடிய செலவை முன்கூட்டியே ஊகித்து, அதற்கேற்ப விலை வைக்கிறது அல்லது விலக்கி வைக்கிறது. கட்டணத்தை எல்லோருக்கும் ஒன்றாக வைத்தால் நோயாளிகள் மட்டும் வாங்குவார்கள், நலமானவர்கள் விலகுவார்கள், நிறுவனம் நட்டப்படும். ஆகவே விலக்குகள் பகுதி நிறுவனத்தின் கொடுமனத்தால் வந்ததன்று. தனித்தனியாக விற்கப்படும் மருத்துவக் காப்புறுதி அப்பகுதி இல்லாமல் நிலைத்திருக்க முடியாது.

இலங்கை இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. 1926 இல் களுத்துறையில் நோய்த்தடுப்புக்கான முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1931 இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபின், தொகுதிக்கு ஒரு வைத்தியசாலை கேட்டு வாங்குவது அரசியல்வாதியின் கடமையாகிவிட்டது. 1934, 35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிராமப்புறத்தில் வைத்தியசாலைகள் பரவ அதுவும் ஒரு காரணம். 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இடையில் 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டது. அந்தச் சிறு காசுக்கே வருகை குறைந்தது. 1977 இல் அது கைவிடப்பட்டது. அதே 1977 இல்தான் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க மீண்டும் அனுமதிக்கப்பட்டார்கள். மிஸ்ஸி சொன்ன காலை வைத்தியரும் மாலை வைத்தியரும் ஒருவரேயாக இருப்பது அன்று தொடங்கியது.

இவ்வளவையும் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றிய அரச செலவில் செய்து, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழையும் உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. சாதனைதான். ஆனால் அந்தச் சிக்கனத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ அரைவாசி மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகப் போகிறது. காப்புறுதி வழியாகப் போவது மிகச் சிறிய பங்கே. சனலிங், பார்மசி, ஸ்கேன், ஆய்வுகூடம் ஆகிய இவைதாம் அந்த அரைவாசியின் பெரும்பகுதி. உங்கள் முகவரின் திட்டம் வாட்டில் படுக்கும் செலவைக் காக்கிறது. நாட்டில் வாட்டில் படுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் படுப்பது அரச வாட்டில்தான். உங்கள் குடும்பத்தின் காசு உண்மையில் ஒழுகுவதோ பார்மசியின் முன்னால். ஒழுகும் கூரையை விட்டுவிட்டு மதிலுக்குச் சீமெந்து பூசுவது போன்றது இது.

ஸ்காபரோ வாசி:

ஆசிரியர் சேர் சொன்னதற்குக் கனடாவிலிருந்து ஒரு சாட்சி. இங்கே வைத்தியரையும் வைத்தியசாலையையும் அரச காப்புறுதி ஏற்கிறது. அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் நடுத்தர வயதினருக்குப் பார்மசி மருந்து, பல், மூக்குக் கண்ணாடி ஆகியவற்றைப் பெரும்பாலும் வேலைத்தலக் காப்புறுதியே பார்க்கிறது. வேலை போனால் அதுவும் போகும். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு இங்கும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே வரிசை என்பது திருகோணமலைக்கு மட்டும் உரிய நோயன்று.

தனியார் காப்புறுதியை நான் நேரில் கண்டது, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவில் அம்மாவை அழைத்தபோது. குறைந்தது 1 இலட்சம் டொலருக்கு ஓராண்டுக் காப்புறுதி இருந்தால்தான் அந்த விசாவே கிடைக்கும். அம்மாவுக்குக் குருதி அழுத்த மாத்திரையின் அளவை அவ்வேளையில் சற்று மாற்றியிருந்தார்கள். "நோய் நிலையாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனைக்கு அந்த மாற்றமே தடையாகிவிட்டது; அது தொடர்பான எதற்கும் பணம் தர மாட்டோம் என்று எழுதியே தந்துவிட்டார்கள். கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

நிலாவெளி விடுதிக்காரன்:

சேர், கூரை உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்மசிச் செலவு மாதம் சில ஆயிரம். அதைச் சம்பளத்திலிருந்து சமாளிக்கலாம். ஒரு பெரிய சத்திரசிகிச்சை வந்தால் வீட்டையே அடகு வைக்க வேண்டும். காப்புறுதி அந்தப் பெரிய அடிக்காகத்தானே? சிறியவற்றை அது தரவில்லை என்று குறை சொல்வது நியாயமன்று. அம்மா நலமாக இருக்கிறார் என்கிறார் கேள்வி கேட்டவர். நலமாக இருக்கும்போதுதான் வாங்க வேண்டும். நோய் வந்தபின் யாரும் விற்கமாட்டார்கள்.

கணக்கர் திருமலை:

விடுதிக்காரத் தம்பியின் இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். அதனால்தான் இருவரையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் நோய்க்காகக் கட்டணம் கூட்டப்பட்டிருக்கும். அந்த நோய்க்குரிய பணமோ கிடைக்காது. அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு விலை கேளுங்கள். முதல் ஒரு தொகையை நாங்களே ஏற்கிறோம், அதற்கு மேற்பட்டதை மட்டும் நிறுவனம் ஏற்றால் போதும் என்ற வகைத் திட்டம் இருந்தால் கட்டணம் கணிசமாகக் குறையும். எந்த வயது வரை புதுப்பிப்பார்கள், கோரிக்கை ஒன்று வந்தபின் மறு ஆண்டு புதுப்பிக்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா, நாளொன்றுக்கான அறை வாடகைக்கு எவ்வளவு எல்லை என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அறை வாடகை எல்லையைத் தாண்டினால் சில திட்டங்களில் மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். பலர் தடுக்கி விழும் இடம் அது. நிறுவனத்தோடு பிணக்கு வந்து தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

அப்பாவுக்கு அந்தக் காசைத் தனிக் கணக்கொன்றில் மாதாமாதம் போட்டு வையுங்கள். மிஸ்ஸி சொன்ன துண்டு வரும்போது அதிலிருந்து எடுக்கலாம்.

ஓய்வுபெற்ற தாதி:

அப்பாவுக்குப் பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தையும் நினைவில் வையுங்கள். இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து அது உதவுகிறது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவர் அரச சேவையில் இருந்தவராயின் அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி பற்றியும் விசாரியுங்கள்.

உவர்மலையான்:

அப்பா தனியார் ஆலையொன்றில் வேலை செய்தவர், அக்கா, அக்ரஹாரவுக்கு இடமில்லை. முகவரின் பதில் வந்துவிட்டது. நீரிழிவு, குருதி அழுத்தம், அவற்றின் விளைவுகள் அனைத்தும் அப்பாவுக்கு நிரந்தர விலக்கு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அவரை விட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு மட்டும் கேட்ட விலை முன்னைய தொகையின் மூன்றிலொன்றுக்கும் குறைவு. ஆனால் முதலில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். அதில் எதையாவது கண்டுபிடித்தால் அதையும் விலக்கிவிடுவார்களே, பரிசோதனை இல்லாத திட்டத்தை எடுப்பது நல்லதா?

கணக்கர் திருமலை:

இல்லை. பரிசோதனை இல்லாமல் விற்கப்படும் திட்டத்தில், முன்னரே நோய் இருந்ததா என்ற கேள்வியைக் கோரிக்கை வரும் நாளில் கேட்பார்கள். முன்னரே பரிசோதித்து ஏற்றுக்கொண்டவர்கள் பின்னர் மறுப்பது கடினம்.

ஓய்வுபெற்ற தாதி:

காப்புறுதிக்காக இல்லாவிட்டாலும் அம்மாவைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் சீனி, குருதி அழுத்தம், உடற்பருமன் எல்லாவற்றையும் இலவசமாகவே பார்ப்பார்கள். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்து, மார்பகப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக் உண்டு. அப்பாவின் கண்ணின் பின்திரையும் சிறுநீரில் புரதமும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று கொப்பியைத் திறந்து பாருங்கள். ஓராண்டுக்கு மேலாகியிருந்தால் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் நீங்களே கேட்டு, கண் கிளினிக்குக்கு ஒரு துண்டு வாங்கிவிடுங்கள்.